டி-எஸ்என்இ படத்துல புள்ளிக் கூட்டங்களுக்கு நடுவுல இருக்குற தூரத்தை நம்பலாமா?

வைகைக்கரை:
இன்ஃபோவிஸ்ல, அதாவது டேட்டாவை படமா காட்டுற துறையில, ரிசர்ச் பண்றேன், ரெண்டாவது வருஷம். எம்னிஸ்ட் டேட்டா தெரியும்ல, கையால எழுதின நம்பர் படம் 70,000, ஒவ்வொண்ணும் 28க்கு 28 பிக்சல், ஆக 784 டைமென்ஷன். அதை டி-எஸ்என்இ (நிறைய டைமென்ஷன் இருக்குற டேட்டாவை புள்ளிப் படமா மாத்துற மெத்தட்) வெச்சு ரெண்டு டைமென்ஷனுக்கு இறக்கினா 0 ஒரு மூலைக்கும் 1 எதிர் மூலைக்கும் போயிடுது, 4ம் 9ம் ஒட்டிக்கிட்டு கிடக்கு. 0, 1 தான் இருக்குறதுலயே அதிக வித்தியாசம்னு பேப்பர்ல ஒரு வரி எழுதலாம்னு பாத்தா கைடு மேம் கூடவே கூடாதுங்கிறாங்க, ஏன்னு கேட்டா போய் படின்னு சொல்லிட்டாங்க. சரி, கூட்டத்தோட சைஸையாவது சொல்லலாமா?

கோலப்புள்ளி:
சைஸும் கூடாது. 2008ல வான் டெர் மாட்டனும் ஹின்டனும் கொண்டுவந்த இந்த மெத்தட், பக்கத்துல இருக்குற புள்ளியை பக்கத்துலயே வெக்கத்தான் பாக்கும், அதுவும் ஒவ்வொரு புள்ளிக்கும் சுத்தி எவ்ளோ நெருக்கடின்னு பாத்து அளவை தனித்தனியா மாத்திக்கும், அதனால நெருக்கமான கூட்டம் விரிஞ்சு பரந்தது சுருங்கி கடைசில எல்லாம் ஒரே சைஸ் மாதிரி வந்து நிக்கும். தூரமும் அப்படித்தான், படத்துல டி-டிஸ்ட்ரிபியூஷன் (ஓரம் மெதுவா இறங்குற நிகழ்தகவு வளைவு) போடுறதால சுமாரா தள்ளி இருந்ததெல்லாம் இன்னும் தள்ளிப் போகும். 4-9 ஒட்டி இருக்குறதை ஓரளவு நம்பலாம், அவ்ளோதான். பெர்ப்ளெக்ஸிட்டியை, அதாவது ஒரு புள்ளிக்கு சுமாரா எத்தனை பக்கத்துப் புள்ளியை கணக்குல எடுக்கணும்ங்கிற செட்டிங்கை, 5, 30, 50னு மாத்தி ஓட்டி 0வும் 1ம் எங்க போகுதுன்னு பாருங்க.

சும்மாஒருத்தன்:
பேசாம யூமாப்புக்கு மாறுங்க ப்ரோ, அதுவும் இதே மாதிரி மெத்தட்தான், ஆனா குளோபல் ஸ்ட்ரக்சர் (கூட்டங்களோட மொத்த அமைப்பு) அதுலதான் நிக்கும்

கோலப்புள்ளி:
எல்லாரும் இதையே சொல்றாங்கப்பா. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஸ்டார்ட் (புள்ளிங்களோட ஆரம்ப இடம்) குடுத்தா அந்த வித்தியாசம் காணாமப் போயிடுதுன்னு கோபாக், லிண்டர்மன் 2021லயே காட்டிட்டாங்க. சைகிட்-லேர்ன்ங்கிற பைத்தான் லைப்ரரில 1.2 வெர்ஷன்ல இருந்து டி-எஸ்என்இக்கு டீஃபால்ட்டே பிசிஏ (டேட்டா அதிகமா பரவுற திசையை எடுக்குற முறை) ஸ்டார்ட்தான், பழசுன்னா நீங்களே குடுக்கணும்.

மாடித்தோட்டம்:
தம்பி, 0-1 வித்தியாசம்தான் வேணும்னா 784 டைமென்ஷன்லயே அளந்துட்டு போயிடலாமே, அதுக்கு எதுக்கு படம்? படம் எங்க போய் தோண்டணும்னு காட்டத்தான். 4ம் 9ம் சேர்ற எல்லையில இருக்குற புள்ளிங்களை பிரஷ் பண்ணினா (மவுஸால இழுத்து செலக்ட் பண்ணினா) ஒரிஜினல் கையெழுத்து பக்கத்துல வர்ற மாதிரி ஒரு வியூ பண்ணுங்க, தலையை மூடி எழுதின 4 எல்லாம் அங்க மாட்டும். விஷுவலைசேஷன் ஆராய்ச்சியாளர் ஷ்னைடர்மேன் 1996ல மொத்தமா காட்டு, ஜூம் பண்ணு, வடிகட்டு, கேட்டா விவரம் குடுன்னு சொன்னாரு, பின்னாடி கெய்ம் வந்து அதுக்கும் முன்னாடி அனலைஸ் பண்ணுன்னு சேர்த்தாரு. விஷுவல் அனலிட்டிக்ஸ்னு பேர் போட்டுட்டு வெறும் ஸ்கேட்டர்பிளாட்டை ஒட்டுனா ரிவ்யூவர் விடமாட்டாங்க. அப்புறம், எது எந்த நம்பர்னு காட்டுற லேபிள் கலரை எடுத்துட்டு ஒருக்கா பாருங்க.

வைகைக்கரை:
கலரை எடுத்துட்டேன் சார், 4 எங்க முடியுது 9 எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல 😅 அந்த வரி வேணாம், பிரஷ் வியூவே பண்றேன். ஆனா டி3ல (பிரவுசர்ல படம் வரையுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒவ்வொரு புள்ளியையும் தனி எலிமெண்ட்டா வெக்கிற எஸ்விஜி 70,000 புள்ளிக்கு திணறுது, கிராஃபிக்ஸ் கார்டை வெச்சு வரையுற வெப்ஜிஎல் போகணுமா?

கோலப்புள்ளி:
முதல்ல கேன்வாஸ்ல (எல்லாத்தையும் ஒரே பிக்சல் படமா வரையுறது) போட்டுப் பாருங்க. பிரஷ்ல சிக்குற புள்ளியைத் தேட, இடத்தை நாலு நாலா பிரிச்சுக்கிட்டே போற குவாட்ட்ரீ டி3லயே இருக்கு.