நட்பாகவே இருந்தால் என்ன குறை? ஸ்லாஷ் படிப்பவர்களிடம் ஒரு கேள்வி

ஊர்க்குருவி:
ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர்கள் எழுதும் கதைகள், எனக்கும் பிடிக்கும். மூலக்கதை விட்டுப்போன இடத்தில் இன்னொருவர் பேனாவை எடுத்துத் தொடர்வதைப் படிப்பது தனி சந்தோஷம். ஆனால் எந்தக் கதையைத் தேடிப் போனாலும், நண்பர்களாக இருந்த இரண்டு ஆண்களைக் காதலர்களாக்கி எழுதிய ஸ்லாஷ் கதைதான் முன்னால் வந்து நிற்கிறது. ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரின் கிர்க்கும் ஸ்பாக்கும், துப்பறியும் ஷெர்லாக்கும் அவன் நண்பன் ஜானும், இன்னும் எத்தனையோ பேர். ஒருவருக்காக இன்னொருவர் உயிரைக் கொடுக்கத் துணிந்தால் அது காதலாகத்தான் இருக்க வேண்டுமா? 1982இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருக்கும் ஸ்பாக், தன்னை கிர்க்கின் நண்பன் என்றுதான் சொல்கிறான். அந்தக் காட்சி என்னை உலுக்கியதற்குக் காரணமே அது நட்பு என்பதுதான். அதைக் காதலாக மாற்றி எழுதும்போது என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. வம்புக்காகக் கேட்கவில்லை. உங்களுக்கு இதில் என்னதான் கிடைக்கிறது?

தாழம்பூ:
நான் பல வருடங்களாக ஸ்லாஷ் படிக்கிறவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குக் கிடைப்பது சமம். நான் வளரும்போது படித்த காதல் கதைகளில் கதாநாயகன் உலகத்தைக் காப்பாற்றப் போவான், அவள் காத்திருப்பாள். அவளுக்குத் திறமை இருந்தாலும் கடைசியில் அது அவன் கதையாகத்தான் முடியும். ஸ்லாஷில் அந்தப் பங்கீடு பிறப்பிலேயே தீர்மானமாவதில்லை. இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. யார் முதலில் மனதைத் திறப்பார், யார் யாருக்காக எதை விடுவார் என்பதை அந்த இருவரின் குணத்தை வைத்துத்தான் எழுத வேண்டும். இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை. ஜோனா ரஸ் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் 1985லேயே கிர்க், ஸ்பாக் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் தங்களுக்காகவே உருவாக்கிக்கொண்ட ஆசையின் உலகமாக அவற்றைப் பார்த்தவர் அவர்.

இன்னொன்று, மூலக்கதையின் கவனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1967இல் ஒளிபரப்பான ஒரு ஸ்டார் ட்ரெக் பகுதியில், தன் கையாலேயே கிர்க்கைக் கொன்றுவிட்டதாக ஸ்பாக் நம்புகிறான். பிறகு அவன் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும், எந்த உணர்ச்சியையும் காட்டாத அந்த முகம் மலர்ந்து, அவன் பெயரைக் கூவிக்கொண்டே தோள்களைப் பிடிக்கிறான். மணக்கவிருந்த பெண்ணோடு ஸ்பாக்குக்கு அதே பகுதியில் காட்சி உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கதாசிரியர்கள் எங்கே மனதைக் கொட்டினார்களோ அங்கேதான் ரசிகர்களும் போனார்கள். 1974இல் ஒரு ரசிகர் இதழில் இந்த ஜோடியைப் பற்றி அச்சான முதல் கதையில், பெயர்களைச் சொல்லக்கூடத் தயங்கி, யார் என்று குறிப்பிடாமலே எழுதினார்கள். அவ்வளவு பயந்தும் எழுதினார்கள் என்றால் உள்ளே எத்தனை தவிப்பு இருந்திருக்க வேண்டும்!

ஊர்க்குருவி:
கவனம் நட்பின் மேல் இருந்தால் அது நட்பைப் பற்றிய கதை என்றுதானே அர்த்தம்? ஆண்கள் ஒருவரையொருவர் தொட்டாலே சந்தேகமாகப் பார்க்கும் உலகம் இது. அழுத நண்பனைத் தோளில் சாய்த்துக்கொள்ளும் காட்சி திரையில் அபூர்வம். அதையும் ‘பார்த்தீர்களா, காதல்’ என்று எடுத்துக்கொண்டால், ஆண்களுக்கு இடையில் காதல் அல்லாத நெருக்கத்துக்கு எங்கேதான் இடம்?

தாழம்பூ:
மூலக்கதை அப்படியே இருக்கிறது, குருவி. உங்கள் ஸ்பாக்கை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் ஏஓ3 தளத்தில் ‘ஜென்’ என்று ஒரு பிரிவே உண்டு. காதல் ஜோடி எதுவும் மையத்தில் இல்லாத கதைகளுக்கு. கிர்க், ஸ்பாக் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு (/) இருந்தால் காதல், ‘ஆம்பர்சேண்ட்’ (&) குறி இருந்தால் நட்பு. இரண்டையும் அங்கே தனித்தனியாகத் தேடிக்கொள்ளலாம். தவிர, அடிபட்டவனை மற்றவன் இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் ‘ஹர்ட் கம்ஃபர்ட்’ கதைகளில் ஏராளமானவை காதலே இல்லாதவை. அவற்றை எழுதுகிறவர்களில் நிறைய பேர் ஸ்லாஷும் எழுதுகிறவர்கள்தான்.

கூர்முனை:
நான் தன்பால் ஈர்ப்புள்ள ஆண். குருவியின் கவலை வேறு, என்னுடையது வேறு. இரண்டு ஆண்கள் காதலிப்பதில் எனக்கு என்ன ஆட்சேபம்? என் ஆட்சேபம், அந்தக் கதைகளில் இருப்பது நாங்கள் இல்லை என்பது. வீட்டில் சொல்லும் பயம் இல்லை, வாடகைக்கு வீடு தேடும் தொல்லை இல்லை, எங்கள் நண்பர் வட்டம் இல்லை. ‘எனக்கு ஆண்களே பிடிக்காது, நீ மட்டும்தான்’ என்று ஒருவன் இன்னொருவனிடம் சொல்வதைக் காதலின் உச்சமாக எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. என் வாழ்க்கையை உங்கள் சமத்துவக் கனவுக்கு உடையாகப் போட்டுக்கொள்கிறீர்கள்.

தாழம்பூ அந்தக் ‘கவனம்’ கணக்கையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கட்டும். 2015இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஃபின், போ என்ற இருவரும் சந்தித்த நிமிடத்திலிருந்து ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள். போ தன் மேலங்கியை ஃபின்னுக்கே வைத்துக்கொள்ளக் கொடுக்கிறான். ஸ்லாஷுக்கு இதைவிட என்ன வேண்டும்? கதைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதே படத்தில் வில்லன்களான ஹக்ஸும் கைலோ ரென்னும் சேர்ந்து வருவது சில காட்சிகள்தான், அதிலும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவரும் கொலைகாரர்கள், இருவரும் வெள்ளையர்கள். அவர்களுக்குக் குவிந்த கதைகளைப் பாருங்கள். ஃபின் கறுப்பினத்தவன். ரசிகர்களின் கவனம் திரையைப் பின்பற்றவில்லை, பழகிய நிறத்தைப் பின்பற்றியது.

அந்திமழை:
கூர்முனை சொன்னதோடு சேர்த்து: பெண் பாத்திரங்களை ஒழுங்காக எழுதவில்லை என்பதால்தான் ஆண் ஜோடி என்கிறீர்கள். ஒரு வீராங்கனையைப் பற்றிய ஜீனா தொலைக்காட்சித் தொடர் 1995 முதல் 2001 வரை ஓடியது. ஜீனாவும் கேப்ரியலும் சேர்ந்து அலைந்தார்கள், சேர்ந்து சண்டை போட்டார்கள், ஒருவருக்காக ஒருவர் செத்தார்கள். நீங்கள் கேட்கும் அத்தனையும் அதில் இருந்தது. ரசிகைகள் எழுதிக் குவித்தோம். ஆனாலும் பெண் ஜோடிக் கதைகளான ஃபெம்ஸ்லாஷ் இன்றும் ஆண் ஜோடிக் கதைகளுக்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் நிற்கிறது. பெண்களுக்கு நல்ல பாத்திரம் கொடுத்தாலும் நீங்கள் வருவதில்லை, தாழம்பூ.

மையிருட்டு:
நான் ஜப்பானிய யாவோய் வழியாக, அதாவது அங்கே ஆண் ஜோடிகளைப் பற்றி எழுதும் கதைகள் வழியாக வந்தவள். 1975இல் தொடங்கிய காமிக்கெட் சந்தையில் ரசிகர்கள் தாங்களே அச்சிட்டு விற்கும் இதழ்களில் வளர்ந்த மரபு அது. அங்கே ஜோடியின் பெயர் வரிசை முக்கியம். முதலில் வரும் பெயர் முன்கை எடுப்பவன், அடுத்த பெயர் ஏற்பவன். வரிசையை மாற்றினால் அது வேறு ஜோடி, வேறு வாசகர்கள். நான் வரிசை மாறிய கதையைத் தொடவே மாட்டேன். ஆக ‘சமம்’ என்பது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு ஏற்றத்தாழ்வு வேண்டும், ஆனால் அதில் பெண்ணான நான் மாட்டிக்கொள்ளக் கூடாது. அந்த இடைவெளியை எனக்குத் தருவது இந்தக் கதைகள்தான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

தாழம்பூ:
மையிருட்டு சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது என் அனுபவம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜோடித் தேர்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஏக்கம் இருக்கிறது. எனக்கு வேண்டியது, மனதைப் பூட்டி வைத்திருப்பவன் ஒருவன், அந்தப் பூட்டு இருப்பதைத் தெரிந்துகொண்டு அவசரப்படாமல் நிற்பவன் ஒருவன். கிர்க், ஸ்பாக் பிடித்தது அதனால்தான். பிறகு ஷெர்லாக், ஜான் பிடித்ததும் அதனால்தான். என் தோழிக்கு ஸ்பாக், கப்பல் மருத்துவர் மெக்காய் ஜோடிதான் உயிர். அவளுக்கு ஓயாமல் வாதாடிக்கொண்டே ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள் வேண்டும். ஒரே கப்பல், ஒரே ஸ்பாக். ஆனால் அவள் படிக்கிற கதைகளை என்னால் அரைப் பக்கம்கூடத் தாண்ட முடியாது. ஹக்ஸ், ரென் கதைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு வேண்டியது அதிகாரப் போட்டி, வெறுப்பு மெல்ல மெல்ல வேறாக மாறுவது. அது உண்மையான ருசி, கூர்முனை. எல்லாவற்றையும் நிறத்தில் கொண்டுபோய் அடைக்க முடியாது.

கூர்முனை:
எல்லாவற்றையும் அடைக்கவில்லை. ஆனால் அந்த ருசி ஏன் எப்போதும் இரண்டு வெள்ளை முகங்களில் போய் உட்காருகிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள். எதிரிகள் காதலர்களாக மாறுவதுதான் வேண்டுமா? ஃபின்னை வளர்த்து ஆயுதமாக்கிய படையே அவன் எதிரிதானே, அதில் எத்தனை கதைகள் எழுதலாம்! ஆசை இயற்கையாக வருகிறது என்பது சரி. எந்த மண்ணில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா?

தாழம்பூ:
பார்க்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாசிப்பைக் கடமையாக்கினால் யாரும் எழுதமாட்டார்கள். இரவு வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல், தனக்குப் பிடித்ததற்காக ஒருத்தி எழுதுகிறாள். அவளிடம் ‘நீ இந்த ஜோடியைத்தான் விரும்ப வேண்டும்’ என்று எப்படிச் சொல்வது? ஃபின், போ கதைகளை நான் படிக்கிறேன், பின்னூட்டம் இடுகிறேன், மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். என்னால் முடிந்தது அது. நீங்கள் கேட்ட வீடு தேடும் கதைகளும் இருக்கின்றன. எழுதுகிறவர்களில் தன்பால் ஈர்ப்புள்ளவர்களும், இருபால் ஈர்ப்புள்ள பெண்களும், திருநர்களும் நிறைய உண்டு. ‘பெண்கள் எழுதுகிறார்கள், ஆண்கள் எழுதப்படுகிறார்கள்’ என்ற பழைய படம் இப்போது முழுதாகப் பொருந்தாது. நானே இருபால் ஈர்ப்புள்ளவள். என்னைப் பற்றி எனக்கே சொல்லிக்கொள்ள வழி தெரியாத வயதில் இந்தக் கதைகள்தான் கைகொடுத்தன.

கூர்முனை:
அது எனக்குப் புரிகிறது. எனக்கு அந்த வயதில் கிடைத்ததும் இதே கதைகள்தான், வேறு எதுவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு எதிர்பார்க்கிறேன். ‘நீ மட்டும்தான்’ கதைகள் மேல் எனக்குள்ள கோபம் குறையாது.

அந்திமழை:
ஜீனா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஊர்க்குருவி:
நான் கேட்டது நட்பைப் பற்றி, நீங்கள் எங்கெங்கோ போய்விட்டீர்கள். பரவாயில்லை, படித்தேன். தாழம்பூ, காதல் இல்லாத, ஆனால் அந்தக் கண்ணாடிச் சுவர்க் காட்சிக்கு நிகராக நிற்கும் கிர்க், ஸ்பாக் கதை ஏதாவது இருந்தால் தாருங்கள். நீளமாக இருந்தாலும் சரி. அப்புறம், காட்சி முடிவதற்குள் அவர்கள் முத்தமிட்டுக்கொள்ளக் கூடாது.

தாழம்பூ:
இருக்கிறது. இன்றிரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அந்திமழை, நீங்கள் ஜீனா கதைகள் இரண்டு அனுப்புங்கள், நான் படிக்காதவையாக.