கோட்டை தேவாலயத்தின் அறப்பள்ளி பற்றி: பழைய படம், கடிதம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் தேவாலயத்தின் தர்மப் பணிகளைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

1678 மார்ச் 25 அன்று வேலை தொடங்கி, 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்ட கோயில் அது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் தங்கள் கைப்பணத்தில் கட்டினார்கள். ராபர்ட் கிளைவ் திருமணம் நடந்த இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1715இல் அந்தச் சபை ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியைப் பற்றிச் சொல்வோர் குறைவு. எனக்கு அதுதான் பெரிய செய்தி. அந்தப் பள்ளி பின்னாளில் எழும்பூர் ஆண் அநாதை இல்லத்துடன் இணைந்தது. இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஜார்ஜ் பள்ளியாக நடக்கிறது.

அந்த அநாதை இல்லத்தில்தான், அதன் மேற்பார்வையாளராக இருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதையே தன் மாணவர்களுக்கும் பழக்கினார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படியும் செய்தார். அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது.

ஏடுகளில் பாதிரியார்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. நான் தேடுவது அங்கே சமைத்தவர்கள், தமிழ் கற்பித்தவர்கள், படித்த பிள்ளைகள் ஆகியோரின் கதைகளை. உங்கள் தாத்தா, பாட்டி யாராவது அங்கே இருந்திருந்தால், ஒரு படமோ நற்சான்றிதழோ வாய்மொழி நினைவோ போதும். இங்கேயே பதில் எழுதுங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், நகல் போதும்.