பூசை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

"துபாய்க்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வாரம் தவறாமல் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குப் போகிறேன், ஒருவர்கூடப் பேசவில்லை" என்று எழுதியிருந்த தம்பிக்கு.

எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான். பிறகுதான் உறைத்தது: கடைசி ஆசீர் முடியுமுன்பே மெட்ரோவைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது நான்தான். ஆகஸ்ட் 29, வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கொடியேறும் நாள், அறையில் தனியாக உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஓடக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இங்கே ஊத் மேத்தா பகுதியிலுள்ள புனித மரியாள் கோயிலை நம் ஊர்ப் பங்குக்கோயில் மாதிரி நினைக்காதீர்கள். அன்றைய துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967-ல் தொடங்கிய கோயில் அது. இன்று தமிழ், மலையாளம், கொங்கணி, தகாலோக், அரபி என்று அத்தனை மொழியிலும் பூசை நடக்கிறது. ஊரில் இரண்டு வாரம் வராவிட்டால் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வீட்டுக்கே வந்துவிடுவார். இங்கே நீங்கள் வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது.

அதனால் தமிழ்ப் பூசைக்கே போங்கள். 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய ஆட்கள் சொல்லும் வெள்ளிக்கிழமைக் கணக்கை நம்பாமல் கோயில் அறிவிப்பில் நேரம் பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு வேலையில் சேருங்கள். நான் பாடற்குழுவில் சேர்ந்தேன். என் குரலைப் பற்றி இன்றுவரை யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை! ஆனால் ஒத்திகை முடிந்து டீ குடிக்கும் அரை மணி நேரத்தில்தான் ஆட்கள் பழக்கமானார்கள். பாட வராதென்றால் நாற்காலி அடுக்குங்கள். தூத்துக்குடிக்காரர் ஒரு பக்கம், நாகர்கோவில்காரர் ஒரு பக்கம் என்று நம்மவர்கள் நிற்பார்கள். கண்டுகொள்ளாமல் இரண்டு பக்கமும் போய் நில்லுங்கள்.

அப்பா இறந்த செய்தி ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்தது. பாடற்குழுவில் ஒரு அண்ணனைத்தான் கூப்பிட்டேன். அவர் டிக்கெட் போட்டார், இன்னொருவர் என் பெட்டியை அடுக்கினார், மூன்றாவது ஆள் காரோடு கீழே நின்றார். அதில் இருவரின் முழுப்பெயர்கூட அன்று எனக்குத் தெரியாது.

பணம் மட்டும் தனி. கோயில் பழக்கம் என்று ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு எட்டு மாதம் நான் கட்டினேன். இன்னொன்று: யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவென்றால் ஊர்ப் பழக்கத்தில் வாட்ஸ்அப்பில் வசூல் தொடங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டுவது இங்கே சட்டப்படி குற்றம். கோயில் வழியாகக் கேளுங்கள்.

சரி, ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஊர்ப் பங்குச் சாமியாரிடம் இப்போதே கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் அதற்காக அலைந்தவன் நான்.