ஜெனரேட்டர் பாதி சோக்கில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது, படைப்புக்கு 8 நாள்தான் இருக்கிறது

பள்ளத்தூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரிய வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுவது) வருகிறது, பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். கரண்ட் போனால் இரண்டாங்கட்டு (வீட்டின் உள்பகுதி) விளக்குக்கும் கிரைண்டருக்கும் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் உண்டு. 2 கேவிஏ-க்குக் கொஞ்சம் மேல், 4 ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. போன ஆடியில் ஓட்டியதுதான். டாங்கில் பெட்ரோலோடு அப்படியே சாமான் அறையில் தள்ளி வைத்துவிட்டேன்.

இப்போது நாலைந்து இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சோக்கை (ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கிற லீவர்) எடுத்ததும் ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வளவில் (நடு முற்றத்தில்) ஊஞ்சல் ஆடுகிற மாதிரி ஒரே தாளம். பல்பும் கூடவே மங்கி மங்கி எரிகிறது. கிரைண்டரைப் போட்டால் டப்பென்று நின்றுவிடுகிறது. சோக் பாதியில் இருந்தால் மட்டும் சீராக ஓடுகிறது.

புது பிளக் போட்டேன், ஏர் ஃபில்டரைக் கழுவினேன், புது பெட்ரோல் ஊற்றினேன் (பழையதின் மேலேயே). கடையில் காட்டினால் கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

புதுவயல் பட்டறை:
பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா அண்ணே? அதன் நுனி என்ன நிறம்? கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் போதவில்லை. அப்புறம் டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்தாலும் இந்த ஆட்டம் வரும்.

கல்லல் தம்பி:
கவர்னர் (எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கிற பாகம்) ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும் அண்ணே. அதை ரெண்டு சுற்று முறுக்குங்கள், ரேஸ் நின்றுவிடும். எங்கள் தோட்டத்து பம்புக்கு அப்படித்தான் செய்தோம்.

புதுவயல் பட்டறை:
தம்பி, பம்புக்கு அது சரி. ஜெனரேட்டரில் அதைத் தொடவே கூடாது. இந்த அளவு மெஷின் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். முறுக்கினால் ஹெர்ட்ஸும் ஏறும், வோல்ட்டும் ஏறும், வீட்டு ஃபிரிட்ஜ் போய்விடும். கவர்னர் மேல் தப்பே இல்லை. பெட்ரோல் குறைந்து வேகம் விழுந்தால் அது திறக்கிறது, வேகம் கூடினால் மூடுகிறது. நீங்கள் கேட்கிற ஏற்ற இறக்கம் அதுதான்.

பள்ளத்தூர்க்காரன்:
பிளக்கைத் தேடி எடுத்தேன். சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை. மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை.

மிச்சிகன் வாசி:
நான் தேவகோட்டை, இப்போது மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே வாசல் பனியைத் தள்ள ஒரு மெஷின் வைத்திருக்கிறோம், ஏறக்குறைய உங்கள் ஜெனரேட்டர் மாதிரி எஞ்சின்தான். ஏப்ரலில் மூடி வைத்து நவம்பரில் எடுத்தால் அச்சு அசலாக இதே கதை. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடுகிறது. அதனால் பாதி சோக்கில் ஒழுங்காக ஓடினால் எங்கேயோ பெட்ரோல் வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கிடந்த பெட்ரோல் காய்ந்து, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ற சின்னத் துளையில் பிசின் கட்டிவிடும். இங்கே பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், அங்கே இப்போது 20. எத்தனால் தண்ணீரை இழுக்கும்.

ஒரு வித்தியாசம் சொல்கிறேன். பனி மெஷினில் பெரும்பாலும் ஏர் ஃபில்டரே கிடையாது. பனிக்காலத்தில் தூசி இல்லை, ஃபில்டர் வைத்தால் பனி உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ச் செம்மண் புழுதியில் ஃபில்டரைக் கழற்றி ஓட்டிவிடாதீர்கள்.

கண்டனூர் ஆச்சி:
எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. எங்கே வைத்து ஓட்டப் போகிறாய்? வளவில் மேலே வானம் தெரிகிறதே என்று அங்கே வைத்துவிடாதே. நாலு பக்கமும் அறை, புகை உள்ளேதான் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பின்வாசலுக்கு வெளியே, கிணற்றடி தாண்டி வை. பிள்ளைகள் தூங்குகிற வீடு.

பள்ளத்தூர்க்காரன்:
சரி ஆச்சி, வெளியே வைக்கிறேன்.

நேற்று ராத்திரி பிரித்தேன். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, 10-11 ஸ்பேனரால் கார்பரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், அடியில் வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பொடி. பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்தேன். மெயின் ஜெட்டைக் கழற்றிக் கிளீனர் அடித்து ஊதி மாட்டினேன். இப்போது கிரைண்டர் ஓடுகிறது! ஆனால் லோடு இல்லாதபோது இன்னும் ஊஞ்சல்தான்.

புதுவயல் பட்டறை:
அப்படியானால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். லோடில் சரி, சும்மா ஓடும்போது ஆட்டம் என்றால் பைலட் ஜெட், அதாவது லோடு இல்லாதபோது பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட். நிறைய பேர் அதைப் பார்க்காமலே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் மேலே ஒளிந்திருக்கும். இந்த மாடல்களில் ஐடிலிங் ஸ்க்ரூ இருக்கிறதே, அது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். அதன் அடியில் பிளாஸ்டிக் தலை வைத்த ஒரு சின்னத் துண்டு அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரு துளை. ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள், துளை பெரிதானால் அப்புறம் நிஜமாகவே கார்பரேட்டர் மாற்ற வேண்டியதுதான். ஒயருக்குள் இருக்கிற செப்புக் கம்பியில் ஒற்றை இழையைப் பிரித்து விடுங்கள், பித்தளையைக் கீறாது.

பள்ளத்தூர்க்காரன்:
டார்ச் வைத்துப் பார்த்தேன், துளையே தெரியவில்லை. கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, செப்பு இழையை விட்டதும் பளிச்சென்று ஒரு புள்ளி வெளிச்சம் வந்தது. மாட்டி, ஸ்க்ரூவை அதே எண்ணிக்கைக்குத் திருப்பி, இழுத்தேன். ரெண்டாவது இழுப்பில் பிடித்தது. சோக்கை முழுக்க எடுத்தும் ஒரே சீராக ஓடுகிறது. 40 நிமிஷம் கிரைண்டரும் 6 பல்பும் போட்டுப் பார்த்தேன். செலவு கிளீனர் டப்பா மட்டும்தான்.

ஆச்சி, கிணற்றடியிலிருந்து இழுக்க 30 மீட்டர் ஒயர் வாங்கப் போகிறேன்.

புதுவயல் பட்டறை:
2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராகப் பார்த்து வாங்குங்கள் அண்ணே, மெல்லிசாகப் போட்டால் கிரைண்டர் திணறும். மிச்ச ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சூடாகும். படைப்பு முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டுத் தானாக நிற்கிற வரை ஓட விடுங்கள். டாங்கில் இருப்பதை வடித்து ஸ்கூட்டருக்கு ஊற்றிவிடலாம்.