27-ஆவது வாரத்தில் இங்கிலாந்து பயணம்: எந்த மருத்துவ ஆவணங்களை எடுத்துச் செல்ல வேண்டும்?

கேள்வி கேட்டவர்: வைகைப்பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் வசிக்கிறேன். இரண்டாவது முறையாகக் கருவுற்றிருக்கிறேன். இப்போது 23-ஆவது வாரம் நடக்கிறது. என் கணவர் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறார். எனக்கும் மகனுக்கும் டிபென்டென்ட் விசா வந்துவிட்டதால், 27-ஆவது வாரத்தில் துபாய் வழியாகப் புறப்படத் திட்டமிட்டிருக்கிறோம். பிரசவம் அங்கேதான்.

மூத்தவன் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலியில் சிசேரியன் மூலம் பிறந்தான். எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். முதல் பிரசவம் முடிந்தவுடன், பாசிட்டிவ் குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக என் உடலில் ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். இப்போது தைராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன்.

ஆறாவது வாரத்திலிருந்து எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், லேப் தாள்கள், மருந்துச் சீட்டுகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டை என்று எல்லாம் சேர்ந்து ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. அங்கே போனால் எல்லாவற்றையும் புதிதாகத்தான் எடுப்பார்கள், இதையெல்லாம் சுமக்க வேண்டாம் என்கிறார் என் நாத்தனார். ஒரு தாளைக்கூட விட்டுவிடாதே என்கிறார் அம்மா. எதை அவர்கள் உண்மையிலேயே பார்ப்பார்கள், அசல் தேவையா நகல் போதுமா, டாக்டரிடம் எப்படிப்பட்ட கடிதம் வாங்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முதல் பிரசவத்துக்கு என் கையில் இருப்பது ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. அதில் சிசேரியன் செய்யப்பட்டது என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. மருத்துவமனையில் கேட்டால், பழைய ஃபைல் ரெக்கார்டு அறையில் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

---

பதில்: பயணச்சீட்டு

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன்; விமானப் பயண ஏற்பாட்டில் நெடுங்காலம் இருப்பவன் என்பதால் விமான நிலையத்தில் கேட்கும் தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி. எமிரேட்ஸில் 29-ஆவது வாரத்திலிருந்து மருத்துவர் அல்லது மிட்வைஃப் (பேறுகாலம் பார்க்கும் செவிலியர்) கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். ஒற்றைக் கருவானால் 36 வாரத்துக்குப் பிறகும், இரட்டைக் கருவானால் 32 வாரத்துக்குப் பிறகும் சிறப்பு அனுமதியின்றி ஏற்ற மாட்டார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 29-ஆவது வாரத்திலிருந்து கேட்கும் சான்றிதழ், முதல் விமானம் புறப்படும் நாளுக்கு முந்தைய பத்து நாட்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்த நாளில் எத்தனை வாரம் என்பதை யாரும் பார்ப்பதில்லை; விமானம் ஏறும் நாளில் எத்தனை வாரம் என்பதே கணக்கு.

27-ஆவது வாரத்தில் உங்களிடம் சான்றிதழ் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணத் தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனால் அது கட்டாயமாகிவிடும். கவுன்டரில் இருப்பவர் வயிற்றைப் பார்த்துச் சந்தேகப்பட்டாலும் வாதாட வேண்டி வராது. ஒற்றைக் கருவா இரட்டையா, சிக்கல் ஏதும் இல்லை என்ற உறுதி, பிரசவ உத்தேசத் தேதி, எந்தத் தேதி வரை பறக்கலாம் என்பது, மருத்துவரின் கையெழுத்தும் பதிவெண்ணும், இவை ஆங்கிலத்தில் அதில் இருக்க வேண்டும். மருத்துவ ஃபைல் முழுவதையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விமானம் மாறும் பயணத்தில் செக்-இன் பெட்டி ஒரு நாள் பிந்தி வருவது புதிதல்ல.

---

பதில்: வடகடல் மிட்வைஃப்

சகோதரி, நான் இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் என்எச்எஸ் (அரசு சுகாதாரச் சேவை) மருத்துவமனையில் மிட்வைஃபாகப் பணியாற்றுகிறேன். கர்ப்ப காலத்தின் நடுவில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து சேரும் நம் பெண்கள் பலரை முதல் பரிசோதனையில் சந்திப்பவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார் சொல்வது பாதி உண்மை. நீங்கள் வந்தவுடன் இரத்த வகை, ஹீமோகுளோபின், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனைகளை இங்கே மறுபடியும் எடுப்பார்கள். வேறு நாட்டு லேப் எழுதிய இரத்த வகையை நம்பி எந்த மருத்துவமனையும் இரத்தம் ஏற்றாது. தாங்களே சோதித்த பிறகுதான் ஏற்றும். ஆகவே அந்தத் தாள் தொலைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டமெல்லாம் மறுபடியும் எடுக்கவே முடியாத தகவல்களில்தான் இருக்கிறது. உங்கள் ஃபைலைப் பிரிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே பிரியுங்கள்: இதை லீட்ஸில் திரும்ப எடுக்க முடியுமா, முடியாதா?

முடியாதவற்றில் முதலாவது, முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன். அதில் சிஆர்எல் என்று குழந்தையின் உச்சி முதல் பிட்டம் வரையிலான நீளம் மில்லிமீட்டரில் இருக்கும். அதை வைத்துக் கணித்த பிரசவத் தேதிதான் நம்பகமானது. கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக ஸ்கேன் செய்து வாரத்தைக் கணித்தால் மூன்று வாரம் வரை முன்பின்னாகப் போகலாம். உங்களுக்கு முன்கூட்டியே வலி எடுத்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, 33 வாரமா 36 வாரமா என்பது திட்டமாகத் தெரிந்தாக வேண்டும். இரட்டைக் கரு உள்ளவர்களுக்கு இந்த ஸ்கேன் இன்னும் முக்கியம். இரண்டு குழந்தைகளும் ஒரே நச்சுக்கொடியைப் பகிர்கின்றனவா என்பது அந்த வாரங்களில் தெளிவாகத் தெரியும், நாள் ஆக ஆகக் கண்டறிவது கடினம்.

இரண்டாவது, சிசேரியன் அறுவைக் குறிப்பு. வயிற்றுத் தோலில் உள்ள தழும்பு குறுக்கே இருப்பதால் கருப்பையிலும் குறுக்கேதான் வெட்டியிருப்பார்கள் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது பிரசவத்தைச் சுகப்பிரசவமாக முயன்று பார்க்கலாமா என்று இங்கே உங்களிடம் கட்டாயம் பேசுவார்கள். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிரிந்துவிடும் அபாயம் ஏறத்தாழ 200-இல் ஒருவருக்கு. ஆனால் மேல்நோக்கி நெடுக்காக வெட்டியிருந்தாலோ, வெட்டு பக்கவாட்டில் கிழிந்து நீண்டிருந்தாலோ கணக்கே மாறிவிடும். எதற்காக சிசேரியன் செய்தார்கள், வலி எடுத்த பிறகா முன்பா, வெட்டு எந்த வகை, இரத்தப் போக்கு எவ்வளவு என்பவை அந்தக் குறிப்பில்தான் இருக்கும். உங்களிடம் இப்போது இல்லாத தாள்களில் இதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். இந்தக் கர்ப்பத்தின் அனாமலி ஸ்கேனில் (குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேன்) நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய தழும்பின்மேல் நச்சுக்கொடி தாழ்ந்து இருந்தால் நாங்கள் மிகவும் கவனமாகப் பார்ப்போம்.

மூன்றாவது, ஆன்டி-டி. நெகட்டிவ் தாய்க்கு 28-ஆவது வாரத்தை ஒட்டி இந்த ஊசி போடுவது வழக்கம். உங்கள் பயணமோ சரியாக அந்த வாரத்தின் வாசலில் இருக்கிறது. ஊசியை மதுரையிலேயே போட்டுக்கொண்டு வருவதா, இங்கே வந்து போடுவதா என்பதை உங்கள் டாக்டரிடம் முடிவு செய்யுங்கள். மதுரையில் போட்டால், அதற்கு முன்பே ஐசிடி எனப்படும் ஆன்டிபாடி பரிசோதனைக்கு இரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு பல வாரங்களுக்கு அந்த ஊசியின் ஆன்டிபாடியே உங்கள் இரத்தத்தில் தெரியும். ஊசி போட்ட விவரம் எழுத்தில் இல்லாவிட்டால், உங்கள் உடலே குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கிவிட்டதோ என்று இங்குள்ள லேப் சந்தேகப்படும். தேவையில்லாத பரிசோதனைகளும் பதற்றமும் பின்தொடரும். எனவே தேதி, அளவு, மருந்தின் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். நம் ஊரில் 300 மைக்ரோகிராம் என்று எழுதுவதும் இங்கே 1500 யூனிட் என்று எழுதுவதும் ஒரே அளவுதான். முதல் பிரசவத்தின்போது போட்ட ஊசிக்கும் இதே விவரத்தைத் தேடிப் பாருங்கள்.

நான்காவதாக, ஆரம்ப மாதங்களில் எடுத்த இரத்த அழுத்தம். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. 32-ஆவது வாரத்தில் அழுத்தம் கூடினால், அது இந்தக் கர்ப்பத்தில் புதிதாக வந்ததா, முன்பிருந்தே உள்ளதா என்பதை அந்த எண்களை வைத்தே பிரித்தறிவோம். உங்கள் தாய் சேய் நல அட்டையில் ஒவ்வொரு முறையும் குறித்திருப்பார்கள் என்பதால் அந்த அட்டையை அவசியம் கொண்டு வாருங்கள். தமிழக அரசின் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணால் இங்கே பயன் இல்லை. அட்டைக்குள் இருக்கும் அழுத்தம், எடை, டிடி ஊசித் தேதிகள் ஆகியவற்றால் பயன் உண்டு. தமிழில் எழுதியிருந்தால் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்.

---

பதில்: தாமிரபரணி டாக்டர்

மேலே மிட்வைஃப் சகோதரி எழுதியதை மகப்பேறு மருத்துவராக முழுமையாக வழிமொழிகிறேன். புறப்படும் முன் இந்தியாவில் செய்ய வேண்டியவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

பழைய ஃபைலைப் பற்றி: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். வாய்மொழியாகக் கேட்பதை விட்டுவிட்டு, பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அறுவைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதமும் உங்கள் ஆதார் நகலும் கொடுத்து அனுப்பலாம். கடிதத்தில் 'அறுவைக் குறிப்பு' என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும். வெறுமனே ஃபைல் வேண்டும் என்றால் அதே டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபடியும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, உங்கள் மதுரை டாக்டரிடம் விமானச் சான்றிதழ் அல்லாமல் தனியாக ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். உங்களை முன்பின் அறியாத ஒரு மருத்துவர், அது துபாய் விமான நிலையத்தை அடுத்த மருத்துவமனையாகவே இருந்தாலும், நள்ளிரவில் இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கும்படி அது அமைய வேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதி, ஸ்கேன்படி பிரசவத் தேதி, முந்தைய சிசேரியன், நெகட்டிவ் இரத்த வகை, ஆன்டி-டி நிலவரம், தைராய்டு, மருந்து ஒவ்வாமை, கடைசியாகப் பார்த்தபோது இருந்த நிலை ஆகியவை போதும்.

மாத்திரையின் பிராண்டு பெயரை எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. லீவோதைராக்சின் என்று மருந்தின் பொதுப்பெயரையும், அளவை மைக்ரோகிராமிலும் எழுதச் சொல்லுங்கள். இங்கே 62.5, 88 என்றெல்லாம் அளவுகள் கிடைக்கும். அங்கே வழக்கமாக 25, 50, 100 என்று கொடுப்பதால், உங்கள் அளவைச் சற்று மாற்றி அமைக்க வேண்டி வரலாம். தைராய்டுக்கான கடைசி டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு அது எளிது. சர்க்கரை அளவை நாம் மில்லிகிராமில் எழுதுகிறோம், அவர்கள் மில்லிமோலில் எழுதுகிறார்கள். நம்முடைய 140 அவர்களுக்கு 7.8. நம் ஹீமோகுளோபின் 10.8 அவர்களுக்கு 108. அலகு அச்சாகியிருக்கும் லேப் தாளாகப் பார்த்து எடுத்து வையுங்கள். தேதி எழுதும் முறை இங்கிலாந்தில் நம்மைப் போலத்தான். இதைப் படிக்கும் வேறு யாரேனும் அமெரிக்கா செல்வதாக இருந்தால் மாதத்தை எழுத்திலேயே எழுதி வாங்குங்கள், ஏனெனில் 05/08 என்பதை அங்கே மே 8 என்று படிப்பார்கள்.

---

வைகைப்பெண்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தப்பாவிடம் அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். ஐசிடி பற்றி அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென் டிரைவிலோ செல்போனிலோ வைத்துக்கொண்டால் தாள்களைக் குறைக்கலாமா? அனாமலி ஸ்கேனோடு கொடுத்த சிடியும் இருக்கிறது.

---

பதில்: வடகடல் மிட்வைஃப்

பென் டிரைவை நம்ப வேண்டாம். வெளியாட்கள் கொண்டுவரும் பென் டிரைவை மருத்துவமனைக் கணினியில் செருக எங்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. சிடியும் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்கேன் படங்களைவிட, அவற்றுக்குக் கீழே அளவுகளோடு எழுதப்பட்ட ரிப்போர்ட்டே எங்களுக்குத் தேவை. முக்கியமான தாள்களை அசலாகவும் ஒரு செட் நகலாகவும் கொண்டு வாருங்கள். நகலை எங்களிடம் கொடுத்துவிட்டு அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதோடு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, இணையம் இல்லாமலே திறக்கும்படி செல்போனில் சேமித்து, கணவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். மருந்துச் சீட்டுகளில் இப்போது சாப்பிடும் மருந்துக்கானது மட்டும் போதும்.

இன்னொன்று. இங்கே மகப்பேறு பிரிவில் பதிவு செய்துகொள்ள முதலில் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவமனையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். விசாவுடன் சுகாதாரக் கட்டணம் செலுத்தியிருப்பதால் இந்தச் சேவைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. நீங்கள் வந்து சேரும் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்; படிவத்தில் முந்தைய சிசேரியனையும் நெகட்டிவ் இரத்த வகையையும் தவறாமல் குறிப்பிட்டால் முதல் சந்திப்பை விரைவாகக் கொடுப்பார்கள். மகப்பேறு அவசரப் பிரிவின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணை உங்கள் கணவர் இப்போதே அந்த இணையதளத்திலிருந்து எடுத்து, டாக்டர் எழுதும் சுருக்கத்தின் பின்பக்கத்தில் குறித்து வைக்கட்டும்.