கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியின் பழைய போட்டோ யாரிடமாவது இருக்குங்களா?

வணக்கம்ங்க, அவசரமாக ஒரு உதவி. எங்கள் அம்மிச்சிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் பெயர்கூட மறக்கிறது, ஆனால் ஒப்பணக்கார வீதி என்று சொன்னால் போதும், தீபாவளிக்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, கடை கடையாக ஏறி இறங்கி, வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து சேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப்போய் வாங்கியதை அப்படியே சொல்கிறார். கடைக்காரர் கொடுத்த கலர் சோடா உட்பட! 1892இல் கட்டிய டவுன்ஹால் அப்படியே நிற்கிறது, சுற்றியுள்ள கடைகளின் முகம்தான் மாறிவிட்டது. 1970, 80களில் அந்த வீதியிலோ ராஜ வீதியிலோ எடுத்த போட்டோ, பழைய ஜவுளிக்கடை பில், மஞ்சப்பை எதுவானாலும் சரி, படம் எடுத்து அனுப்புங்க. பெரிதாக அச்சடித்து அவர் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும். கடைப்பெயர் தெளிவாகத் தெரிந்தால் ரொம்ப நல்லதுங்க, அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.