வில்பத்துவும் மடு றோட்டுக் காடும்: சத்தம் மட்டும் கேட்குது, பறவை தெரியுதில்லை. அதோடை ஒரு மரங்கொத்திக் கேள்வி

நெளுக்குளம்

எல்லாருக்கும் வணக்கம். மாசி முதல் கிழமை இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறம், நாலு பேர். ஒரு நாள் வில்பத்து, மற்ற நாள் மன்னார் றோட்டுப் பக்கம், மடுக் காடு. குளக்கட்டுப் பறவைகள் ஓரளவுக்குப் பழக்கம். காட்டுக்குள்ளை போனால்தான் சிக்கல்: வீரையும் பாலையும் முதிரையும் அடைச்சு நிக்குது, சத்தம் நாலு பக்கமும் கேட்குது, கண்ணுக்கு ஒண்டும் படுதில்லை. கேள்வி மூண்டு.

வில்பத்துவிலை எங்கை, எத்தினை மணிக்கு நிக்கிறது?

கையிலை இருக்கிறது 10×50 பைனாகுலர். இது காணுமோ, 8×42 வாங்கவேணுமோ?

செட்டிகுளம் பக்கம் எடுத்த படம் ஒண்டிலை மரங்கொத்தியின்ரை முதுகு சிவப்பும் இல்லை, பொன் மஞ்சளும் இல்லை, செம்மஞ்சளாக் கிடக்கு. எந்த இனமெண்டு எழுதுறது?

பாலைப்பழம்

முதல் கேள்விக்கு. தம்பி, மாசியிலை வில்லுகள் (வில்பத்துக்குள்ளை இருக்கிற இயற்கைக் குளங்கள்) எல்லாம் நிரம்பியிருக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் பெய்த மழைத்தண்ணி காடு முழுக்க நிக்கும். அதனாலை "தண்ணிக் கரையிலை காத்திருந்தால் எல்லாம் வரும்" எண்ட புத்திமதியை உந்தப் பயணத்துக்கு நம்பாதையுங்கோ. அது ஆடி, ஆவணி, புரட்டாதிக்குச் சரி. மூலை முடுக்கெல்லாம் தண்ணி கிடக்கேக்கை ஒரு மடுவுக்கு வாற தேவை எந்தக் குருவிக்கும் இல்லை. மாசியிலை தேடவேண்டியது சாப்பாடு. பழுத்த ஆல், இத்தி ஒண்டைக் கண்டால் எஞ்சினை நிப்பாட்டி அரை மணித்தியாலம் அதுக்குக் கீழேயே நில்லுங்கோ. பச்சைப் புறா, குக்குறுவான், கருந்தலை மாங்குயில், இருவாய்ச்சி எல்லாம் அங்கைதான். பச்சைப் புறா இலையோடை இலையா அசையாமல் இருக்கும். முதலிலை பறவையைத் தேடாதையுங்கோ, நிலத்திலை பழத்தோல் எந்தக் கொப்புக்குக் கீழை விழுகுதெண்டு பார்த்துப்போட்டு அந்தக் கொப்பை மேலே போகப் பாருங்கோ.

அடுத்தது கலப்புக் கூட்டம். காலமை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையிலை, நிலம் சூடேறத் தொடங்க, பூச்சி தின்னிகள் பல இனம் ஒண்டாச் சேர்ந்து திரியும். மாம்பழச்சிட்டு, மின்சிட்டு, வெள்ளை வயித்துக் கரிச்சான், விசிறிவாலன், அரசவால் ஈபிடிப்பான், இடையிலை மரங்கொத்தியும் இருக்கும். காடு பத்து நிமிசம் செத்துக் கிடந்து திடீரெண்டு எல்லாப் பக்கமும் கீச்சிட்டால் அது கூட்டம். துரத்தினால் கலையும். அது போற திசையிலை நாப்பது, ஐம்பது மீற்றர் முன்னுக்குப் போய் எஞ்சினை நிப்பாட்டினால் தலைக்கு மேலாலை கடந்து போகும். கரிச்சானைக் கண்டால் அதைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காமல் அதைச் சுத்தி என்ன அசையுதெண்டு பாருங்கோ. மற்றக் குருவி கிளப்பிற பூச்சியைப் பிடிக்கத்தான் அது கூட வாறது.

ஆறுமணிக்குருவிதான் எல்லாருக்கும் ஆசை. ஐப்பசியிலை வந்து சித்திரையிலை போற பறவை, மாசியிலை கட்டாயம் இருக்கும். விடியேக்கையும் பின்னேரம் வெளிச்சம் மங்கேக்கையும் இரண்டு சுரத்திலை விசில் அடிக்கும். கேட்டவுடனை மரத்தைப் பார்க்கிறதுதான் பிழை. அது நிலத்துப் பறவை. ஜீப்பிலை எழும்பி நிக்காமல், கண் முழங்கால் மட்டத்துக்கு வாற மாதிரிக் குனிஞ்சு, பத்தைக்குக் கீழாலை தெரியிற சருகுத் தரையைப் பாருங்கோ. சருகு புரளும், இரண்டு துள்ளல், பிறகு அசையாமல் நிக்கும். அந்த நிக்கிற நேரந்தான் உங்கடை நேரம்: கண்ணுக்கு மேலை மஞ்சள் கலந்த பழுப்புப் பட்டை, கறுத்த கண்கோடு, வால் அடியிலை சிவப்பு.

வாசல் காலமை ஆறு மணிக்குத் திறக்கும், பின்னேரம் ஆறுக்குள்ளை வெளியிலை வரவேணும். அநுராதபுரம் - புத்தளம் வீதியாலை போய் ஹுனுவிலகம வாசல்தான் உங்களுக்கு வசதி. சாரதியிட்டை முதல் நாளே ஒண்டைச் சொல்லிவையுங்கோ: சிறுத்தை வேண்டாம். சொல்லாட்டில் ஆரோ கண்டதெண்டு செய்தி வந்தவுடனை பத்து ஜீப் ஒரே இடத்துக்கு ஓடும், உங்கடை சாரதியும் ஓடுவார், நல்ல காலைநேரம் செம்புழுதியிலை போயிடும். சனி, ஞாயிறு, போயா நாள் எண்டால் இது இன்னும் மோசம். கிழமை நாளுக்கு மாத்த முடிஞ்சால் மாத்துங்கோ.

முறிகண்டியான்

பைனாகுலர் பற்றி மட்டும். 10×50 திறந்த குளத்துக்கு நல்ல சாமான். காட்டுக்கு, அதுவும் ஜீப்புக்கு, 8×42.

கணக்கு லேசு. முன்கண்ணாடி விட்டத்தைப் பெருக்கத்தாலை பிரிச்சால் கண்ணுக்கு வாற ஒளிக்கற்றையின்ரை அகலம் வரும். 42ஐ 8ஆலை பிரிச்சால் 5.25 மில்லிமீற்றர், 50ஐ 10ஆலை பிரிச்சால் 5. வெளிச்சத்திலை இரண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான். வித்தியாசம் வேறை இடத்திலை. பத்து மடங்கிலை கைநடுக்கமும் பத்து மடங்கு, பார்வைப் பரப்பும் குறைவு, இலைக்குள்ளை அசைஞ்சதைப் பிடிக்கிறதுக்குள்ளை அது போயிடும். கனமும் கூட, கை ஓயும். சின்ன 8×25 வாங்கவேண்டாம். அதிலை வாறது 3 மில்லிமீற்றர்தான், வீரை நிழலுக்குள்ளை எல்லாம் கறுப்பாத் தெரியும்.

கனபேர் செய்யாத வேலை, வலக்கண் திருத்தம். வலப்பக்கக் கண்ணாடியை மூடி இடக்கண்ணாலை முப்பது மீற்றர் தள்ளி ஒரு பலகை எழுத்தை நடுச்சில்லாலை கூர்மையாக்குங்கோ. பிறகு இடத்தை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருகுங்கோ. அந்த அளவைக் குறிச்சு வையுங்கோ. இது சரியில்லாட்டில் அரை மணித்தியாலத்திலை தலையிடி வரும், ஆக்கள் கண்ணாடியைக் குறை சொல்லுவினம்.

ஜீப் கம்பியிலை நேரே வைக்காதையுங்கோ, எஞ்சின் ஓடினால் முழுக்க அதிரும். ஒரு சீலைப்பைக்குள்ளை ஒண்டரைக் கிலோ நெல்லுப் போட்டு வாயைத் தைச்சுக் கம்பிக்கு மேலை வைச்சால் கமெராவுக்கும் அதுவே தாங்கி. முழுக்க நிரப்பினால் உருளும், முக்கால்வாசி காணும். செம்புழுதி கண்ணாடியிலை படிஞ்சால் முதலிலை ஊதித் தட்டவேணும். நேரே துடைச்சால் மணல் பூச்சைக் கீறும். ஏசி அறையிலை தங்கினால் விடிய அரை மணித்தியாலம் முன்னுக்கே பையோடை வெளியிலை வையுங்கோ, இல்லாட்டில் வெளி ஈரம் கண்ணாடியிலை படிஞ்சு வாசலடியிலை புகார் பிடிச்சு நிக்கும்.

அருவியாறு

பாலைப்பழம் அண்ணை சொன்னதிலை ஒரு திருத்தம். மாசியிலை வில்லுகளை முழுக்க விடத் தேவையில்லை. நிரம்பின வில்லிலை சேத்து விளிம்பு இல்லாததாலை உள்ளான் வகை குறைவு, அது உண்மை. ஆனால் கரையிலை நிக்கிற பட்டமரங்களிலை குடுமிப் பாம்புக்கழுகு, மீன்கழுகு, பாம்புத்தாரா இருக்கும், கரைப்பத்தைக்குள்ளை நீலமுகப் பூங்குயில் ஊரும். வெய்யில் முதுகுக்கு வாற மாதிரி, காலமையிலை கிழக்குக் கரையிலை நிக்கவேணும். எதிர் வெளிச்சத்திலை பாம்புத்தாராவும் நீர்க்காகமும் ஒரே கறுப்பு.

இரண்டாம் நாளுக்கு மடுக் காட்டை விடக் கட்டுக்கரைக் குளத்தையும் வங்காலையையும் சேர்த்துப் போடுங்கோ. இரண்டும் மன்னார் றோட்டிலைதான். வில்பத்துவிலை கிடைக்காத உள்ளான் வகை அங்கை கிடைக்கும். வங்காலையை முதலிலை முடிக்கவேணும். ஒன்பது மணிக்குப் பிறகு சேத்துவெளியிலை கானல் எழும்பி, தூரத்துப் பூநாரை தண்ணிக்குள்ளை ஆடுற வெள்ளைக்கோடு மாதிரித்தான் தெரியும், எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைச்சாலும் வேலையில்லை. கட்டுக்கரைக் குளக்கட்டு பின்னேரத்துக்கு நல்லம்: தாமரை, அல்லி படர்ந்த இடத்திலை இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, குள்ளத்தாரா. மாசியிலை இலைக்கோழிக்கு நீளவால் இல்லாமல் இருக்கலாம், அதைப் பார்த்து வேறை இனமெண்டு எழுதிப்போடாதையுங்கோ.

சுடலைக்குயில்

மரங்கொத்திக்கு வாறன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலையும் மன்னார்த் தீவிலையும் இருக்கிற கறுப்புப் பிட்ட மரங்கொத்திக்குப் பொன்முதுகு. தெற்கிலை இருக்கிற செம்முதுகு மரங்கொத்திக்கு அதே உருவம், முதுகு இரத்தச் சிவப்பு. இரண்டுக்கும் நடுவிலை உள்ள வறண்ட காட்டிலை இரண்டும் கலந்து, மஞ்சளிலையிருந்து சிவப்பு வரைக்கும் எல்லாப் படியிலும் முதுகு வரும். செட்டிகுளத்திலை செம்மஞ்சள் கண்டது அதிசயமில்லை.

ஆனால் முதுகை வைச்சு மட்டும் முடிவெடுக்கக்கூடாது. விடியக்காலை வெய்யிலிலை பொன் சிவக்கும், இலை நிழலிலை சிவப்பு மங்கும். கமெராவின்ரை தானியங்கி வெள்ளைச் சமநிலை பச்சைக் காட்டைச் சரிக்கட்டப் போய் நிறத்தை இன்னும் குழப்பும், வெய்யில் அமைப்பிலை நிலையா வைச்சு எடுங்கோ. முதலிலை இது வேறை பேரினம் இல்லையெண்டு உறுதி செய்யவேணும். பார்க்கவேண்டியது அலகு, கண், தொண்டை, பெண்ணின்ரை உச்சி.

அலகு கறுத்த சாம்பலும் கண் கடும் நிறமும், தொண்டை கறுத்து வெள்ளைப் புள்ளியும் எண்டால் நீங்கள் நினைக்கிற கூட்டம். பெண்ணுக்கு நெத்தி கறுப்பிலை வெள்ளைப் புள்ளி, பின்கொண்டை மட்டும் சிவப்பு. அலகு தந்த நிறத்திலை நீளமா, கண் வெளிறி, கன்னத்துக்குக் கீழை கறுப்புக்கோடு இரண்டாப் பிரிஞ்சு நடுவிலை வெள்ளை தெரிஞ்சால் அது பெரிய செம்முதுகு மரங்கொத்தி. அதிலை பெண்ணின்ரை உச்சி முழுக்கக் கறுப்பு, வெள்ளைப் புள்ளியோடை. பிடரியும் மேல்முதுகும் வெள்ளையாக் கிடந்து பெண்ணின்ரை உச்சி மஞ்சள் எண்டால் வெண்பிடரி மரங்கொத்தி. அது வறள்வலயத்திலை அருமையாக் காண்கிறது, கண்டால் கட்டாயம் படத்தோடை பதியுங்கோ.

நெளுக்குளம்

நன்றி அக்கா. படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன்: அலகு கறுப்பு, தொண்டை புள்ளி, நெத்தி கறுப்புப் புள்ளி, பின்கொண்டை சிவப்பு. அப்ப பெண். ஈபேர்டிலை (பறவைப் பதிவு இணையத்தளம்) என்னெண்டு போடுறது? மற்றது, மடு றோட்டுக் காட்டுக்குள்ளை இறங்கி நடக்கலாமோ?

சுடலைக்குயில்

ஈபேர்டிலை கறுப்புப் பிட்ட மரங்கொத்திக்கும் செம்முதுகு மரங்கொத்திக்கும் கலப்பு எண்டு தனிப் பதிவு இருக்கு, அதைத் தெரியுங்கோ. குறிப்பிலை முதுகு, அலகு, தொண்டை, உச்சி நாலையும் தனித்தனியா எழுதி, வெளிச்சம் எந்தப் பக்கம் எண்டதையும் சேருங்கோ. வில்பத்து நாளை ஒரே பட்டியலாப் போடாதையுங்கோ. ஜீப் ஓடின துண்டு வேறை, ஆலமரத்தடியிலை நிண்ட அரை மணித்தியாலம் வேறை. முப்பது மீற்றருக்குள்ளை நிண்டு பார்த்தது நிலைப்பதிவு, மற்றது தூரத்தோடை பயணப்பதிவு.

பாலைப்பழம்

இறங்கி நடக்கவேண்டாம் தம்பி. அது 2015இலை தேசிய பூங்காவாக்கின இடம். உள்ளை போறதெண்டால் வனசீவராசிகள் திணைக்கள அனுமதியும் கூட ஒரு ஆளும் வேணும். யானை ஒரு பக்கம், கரடி இன்னொரு பக்கம். வன்னிக் காட்டிலை எங்கையெண்டாலும் கண்ணிவெடி எச்சரிக்கை, மண்டையோட்டுச் சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் அதுக்கு அங்காலை ஒரு அடியும் வையாதையுங்கோ. பலகை இல்லையெண்டதும் பாதுகாப்பெண்டு அர்த்தமில்லை. மழையிலை பலகை சாயும், பத்தை மூடும். பழகின றோட்டை விட்டு இறங்காதையுங்கோ, சலம் கழிக்கவும் கூட.

மடுச் சந்தியிலையிருந்து கோயில் போற தார் றோட்டிலை வாகனத்தை ஓரமா நிப்பாட்டி, கதவடியிலை நிண்டு பார்க்கலாம். ஆறரை தொடக்கம் எட்டு வரைக்கும். காட்டுக்கோழி றோட்டோரம் மேய வரும், சோலைபாடி பத்தைக்குள்ளை பாடும். ஆடி, ஆவணித் திருவிழாக் காலத்திலை அந்த றோட்டிலை சனம் கூட, மாசியிலை பிரச்சினை இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அங்கை நிக்காதையுங்கோ, யானை கடக்கிற நேரம். கட்டுக்கரைக்குப் போங்கோ.

முறிகண்டியான்

பதிவைக் கட்டி முடிக்க முதல் ஒண்டு: பதிச்சு வைச்ச குருவிச் சத்தத்தைப் போனிலை போட்டு ஆறுமணிக்குருவியைக் கூப்பிடவேண்டாம். அது ஆறு மாதமளவு தனக்கெண்டு ஒரு துண்டு நிலத்தைக் காத்துக்கொண்டு இருக்கிற பறவை. ஒவ்வொரு ஜீப்பும் போட்டால் இரை தேடுறதை விட்டிட்டு இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டு திரியும். விசில் கேட்ட இடத்திலை எஞ்சினை நிப்பாட்டிப் பத்து நிமிசம் கதைக்காமல் இருந்தால் தானா வெளியிலை வரும்.